மாமாவின் படகுக்கு ஒரு பழைய கால்

படகுகள் கட்டும் ஜெட்டியின் மெக்கானிக் எஞ்சினின் மூடியைக்கூடத் திறக்கவில்லை. சட்டைப் பையிலிருந்த திருப்புளி வெளியே வரவில்லை. பலாப்பழம் பழுத்துவிட்டதா என்று பார்ப்பவர் போல மூடியை இரண்டு தட்டு தட்டினார், காதைச் சாய்த்துக் கேட்டார், "ஹபிஸ் லா அண்ணே, முடிஞ்சுது. தண்ணி பம்ப் போச்சு. உள்ள ஹெட்டும் வெந்திருக்கும்" என்றார். அந்த நொடியில்தான் எனக்கு யோசனை தோன்றியது. மெக்கானிக் ஆவதற்கு இவ்வளவு அறிவு போதும் என்றால், இந்த வேலையை நானே செய்துவிடலாமே.

படகு என் மாமாவுடையது, அம்மாவின் தம்பி. போர்ட் கிள்ளானில் முப்பது வருடம் பாரந்தூக்கி ஓட்டியவர். வேலையிலிருந்து நின்றதும் ஒரு பழைய ஃபைபர் படகை வாங்கினார். அதன் பின்பக்கத்தில் நாற்பது குதிரைச் சக்தியில் ஒரு பழைய எஞ்சின். சனிக்கிழமை தவறாமல் ஆற்று வாய்க்கு மீன் பிடிக்கப் போவார். பெரும்பாலும் வெறுங்கையோடு, முகம் நிறையச் சிரிப்போடு திரும்புவார். மற்ற ஆறு நாளும் அத்தையின் நாடகத் தொடர்களுக்கு எதிரே உட்கார்ந்து, அதில் வரும் மருமகள்களைத் திட்டிக்கொண்டிருப்பார். படகு போய்விட்டால் ஏழாவது நாளும் அந்த மருமகள்களோடுதான்.

அந்தச் சனிக்கிழமை நானும் போயிருந்தேன். எஞ்சின் முதல் இழுப்பிலேயே பிடித்தது. ஆனால் அதன் பின்புறத்தில் ஒரு சின்ன ஓட்டை உண்டு. எஞ்சின் ஓடும்போது அதிலிருந்து குழந்தை ஒன்றுக்குப் போவது போல மெல்லிய தண்ணீர்க் கோடு ஒன்று பீய்ச்சும். உள்ளே குளிர்தண்ணீர் ஓடுகிறது என்பதற்கு அதுதான் அடையாளம். அன்று ஒரு சொட்டும் வரவில்லை. மாமா உடனே எஞ்சினை நிறுத்திவிட்டார். அந்த ஓட்டை எதற்கு என்று எனக்கு அவர் சொன்னதே அப்போதுதான். அதற்கு முந்தின வாரம் ஆயுத பூசைக்கு எஞ்சினைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, படம் எடுத்து எல்லாருக்கும் அனுப்பியவள் நான். பூசை போட்ட ஒரே வாரத்தில் படுத்துவிட்டதே என்று மாமாவைவிட எனக்குத்தான் ரோஷம்.

"இந்த மாடலுக்கு இப்ப சாமானே வர்றதில்ல" என்றார் மெக்கானிக். "சும்மா வச்சிருந்து என்னண்ணே செய்யப் போறீங்க? போட்டோட குடுத்துருங்க. நானே லோரி கொண்டாந்து தூக்கிக்கிறேன்."

மாமா தலையாட்டத் தொடங்கிவிட்டார். உரத்த குரலில் யார் எதைச் சொன்னாலும் தலையாட்டும் மனிதர் அவர்.

"செகண்ட் ஹேண்ட் சாமான் போட்டு நான் ஓட வைக்கிறேன்" என்றேன்.

மெக்கானிக் என்னை இப்போதுதான் பார்ப்பவர் போலப் பார்த்தார். "பாப்பா என்ன வேலை செய்யுது?"

"இன்ஜினியர். ஷா ஆலம்ல ஃபேக்டரில" என்றார் மாமா பெருமையாக.

"எஞ்சினா செய்றாங்க அங்க?"

"பிளாஸ்டிக் மூடி" என்றேன். "நான் குவாலிட்டி."

"ஓ. எக்செல் இன்ஜினியர்."

அவர் சொன்னதில் தப்பு எதுவும் இல்லை. அதுதான் சுட்டது. நான்கு வருடம் எந்திரவியல் படித்தவள். ஒரு நட்டைக்கூடக் கழற்றாமல் பட்டம் வாங்கியவள். பேரம் அங்கேயே முடிந்தது. தீபாவளிக்குள் எஞ்சின் ஓடினால் அவர் வாயைத் திறக்க மாட்டார். ஓடாவிட்டால் தீபாவளிக்கு மறுநாள் லோரி வரும். மாமா அதற்கும் தலையாட்டினார்.

பிரிக்பீல்ட்ஸில் என் வாடகை அறைக்குத் திரும்பியதும் கைப்பேசியைத் திறந்தேன். பழைய படகுச் சாமான் விற்பவர்களின் மொழி தனி மொழி. 'டிப்டாப் கண்டிஷன்' என்றால் உடைந்த இடம் படத்தில் விழவில்லை என்று அர்த்தம். 'லேசா யூஸ் பண்ணது' என்றால் கடலுக்கு அடியில் கிடந்தது. 'சீரியஸா வாங்குறவங்க மட்டும்' என்று போட்டிருந்தால் அந்த ஆள் கேள்விக்குப் பதில் சொல்லமாட்டார். பூச்சோங்கில் ஒருவர் என் மாடலுக்கே தண்ணீர் பம்ப் இருக்கிறது என்றார். வேலை முடிந்து, நெரிசலில் ஒன்றரை மணி நேரம் ஊர்ந்து போய்ச் சேர்ந்தேன். வாசலிலேயே நிறுத்தி, டூ ஸ்ட்ரோக் எஞ்சின் எப்படி ஓடுகிறது என்று கையை மேலும் கீழும் ஆட்டி எனக்குப் பாடம் எடுத்தார். நடுவில் ஒருமுறை, "புரியுதா தங்கச்சி?" பாடம் முடிந்து பெட்டியைத் திறந்தார். உள்ளே இருந்தது மீன் தொட்டி பம்ப்.

"இதுவும் தண்ணிதானே தள்ளுது" என்றார்.

அடுத்த நாள் கிள்ளானில், ஆற்றோரத் தகரக் கொட்டகை ஒன்றில் பழைய சாமான் விற்கும் முதலாளியை, எல்லாரும் தவ்கே என்று கூப்பிடுபவரை, பார்க்கப் போனேன். சீனர், எஸ்டேட்டில் வளர்ந்ததால் என்னைவிடச் சரளமாகத் தமிழ் பேசுவார், என்னைவிட நன்றாகத் திட்டுவார். ஜப்பானிலிருந்து கப்பலில் வந்த பழைய எஞ்சின்கள் அவர் கொட்டகையில் கசாப்புக் கடை போல வரிசையாகத் தொங்கின. எல்லாவற்றுக்கும் ஒரே கறுப்புப் பெயின்ட். கிட்டப் போய்ப் பார்த்தேன். ஒரு எஞ்சினில் ஒட்டியிருந்த சிப்பியின் மேலும் அதே பெயின்ட்.

"தவ்கே, சிப்பிக்கும் கலர் அடிச்சிருக்கீங்க."

"அதுக்குத் தனியா காசு வாங்கல லா. உனக்கு என்ன வேணும்?"

"தண்ணி பம்ப்."

"உன் எஞ்சினத் தொறந்து பாத்தியா?"

"பம்ப்தான் போச்சுன்னு தெரியும்."

"தொறந்து பாத்தியான்னு கேட்டேன்."

அவர் கேள்வி எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு வியாபாரி சாமானை விற்காமல் கேள்வி கேட்டால் அதிலும் ஏதோ தந்திரம் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். பம்ப்புக்கு உள்ளே சுழலும் ரப்பர் சக்கரம் கறுப்புப் பூ மாதிரி ஆறு இதழோடு இருக்கும். அவர் கொடுத்ததில் எல்லா இதழும் ஒரே பக்கம் சாய்ந்து, மத்தியானத் தூக்கத்தில் இருந்தன. ரப்பர் சாமானைப் பழையதாக வாங்கக் கூடாது என்று படித்திருக்கிறேன். புதியது வர மூன்று வாரம் ஆகும் என்றும் தெரியும். வாங்கிவிட்டேன்.

மாமா அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "முதல்ல நம்ம எஞ்சினத் தொறந்து பாத்துட்டு வாங்கிருக்கலாமே, பாப்பா?"

"தொறந்தா அதானே மாமா வரப்போகுது" என்றேன். வயதானவர்களுக்கு எதிலும் அவசரமில்லை என்று எனக்குள் ஒரு இளப்பம்.

புதன்கிழமை விடுப்பு எடுத்தேன். பம்ப் இருப்பது எஞ்சினின் கீழ்ப்பாகத்தில். தண்ணீருக்குள் நிற்கும், விசிறி மாட்டிய பாகம் அது. ஜெட்டியில் அதைக் கால் என்பார்கள். ஐந்து போல்ட்டைக் கழற்றினால் கால் தனியாக இறங்கிவிடும், அதன் தலையில் பம்ப் உட்கார்ந்திருக்கும். காணொளியில் பார்த்தேன், ஒருவர் பின்னணியில் கிட்டார் வாசிக்க நான்கு நிமிடத்தில் இறக்கினார். அவருடைய எஞ்சின் ஏதோ நன்னீர் ஏரியில் ஓடியது. நம்முடையது கிள்ளான் ஆற்று வாயில் பத்து வருடம் உப்பில் ஊறியது. அந்த வித்தியாசத்தைக் காணொளி சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

நான்கு போல்ட் வந்தன. ஐந்தாவது அசையவில்லை.

"விடு. எண்ணெய் ஊத்தி வைப்போம். நாளைக்கு வந்து பாக்கலாம்" என்றார் மாமா.

"மாமா, இது டார்க் சமாச்சாரம். நெம்புகோல் நீளமானா விசை கூடும்."

ஸ்பேனரின் பின்னால் ஒரு இரும்புக் குழாயைச் சொருகினேன். விசை கூடியது. போல்ட் தலை பறந்து ஆற்றில் விழுந்தது. அப்போதும் நான் நிறுத்தவில்லை. கால் ஒட்டிக்கொண்டிருந்தது, இடுக்கில் டயர் கழற்றும் கம்பியை வைத்துச் சுத்தியலால் அடித்தேன். முதல் அடிக்கு 'டங்' என்றது. இரண்டாம் அடிக்கும் 'டங்'. மூன்றாம் அடிக்கு 'டிக்' என்றது. அந்த 'டிக்' எவ்வளவு சின்னச் சத்தம் என்பதை இன்னும் என்னால் நம்ப முடியவில்லை.

கால் இறங்கியது. போல்ட் ஓட்டையிலிருந்து கியர் எண்ணெய் இருக்கும் அறைவரை, அலுமினியத்தில் என் சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு விரிசல். அந்த வழியாக இனி உப்புத் தண்ணீர் உள்ளே போகும். கால் செத்துவிட்டது. நான் கொன்றுவிட்டேன்.

மாமா காலைத் தன் பக்கம் இழுத்தார். பம்ப்பின் மூடியைத் திறந்தார். உள்ளே ஆறு இதழும் நிமிர்ந்து, மெத்தென்று, பள்ளிக்கூட அணிவகுப்பில் நிற்பது போல நின்றன. பம்ப்புக்கு ஒன்றுமே ஆகவில்லை.

"அப்ப தண்ணி ஏன் வரல?" என்றார்.

தோட்டத்துக் குழாயை எடுத்து, எஞ்சினுக்குள் தண்ணீர் ஏறும் குழலில் வைத்துத் திறந்துவிட்டோம். தண்ணீர் தாராளமாக ஏறியது, வரவேண்டிய வழியிலெல்லாம் வெளியே கொட்டியது. அந்தச் சின்ன ஓட்டையைத் தவிர. மாமா தூண்டில் கம்பி ஒன்றை எடுத்து ஓட்டைக்குள் விட்டுக் குடைந்தார். மஞ்சளாக, கெட்டியாக, பயறு அளவில் ஒரு உருண்டை வந்து அவர் உள்ளங்கையில் விழுந்தது. அதன் பின்னால் பழைய உப்புப் பொருக்கு. அதன் பின்னால் தண்ணீர்க் கோடு, ஒன்றுமே நடக்காதது போலப் பீய்ச்சிக்கொண்டு.

மாமா உருண்டையை மூக்கருகே கொண்டுபோனார். மண்ணெண்ணெயும் சேறும் மீனும் நாறும் அந்த ஜெட்டியில், ஒரு நொடி கோயில் வாசம் அடித்தது.

எனக்குப் படத்தைத் திறந்து பார்க்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. இருந்தாலும் பார்த்தேன். ஆயுத பூசையன்று நான் எடுத்த படம். மாலையும் மூன்று பொட்டுமாக எஞ்சின். மேலே ஒன்று, நடுவில் ஒன்று, கீழே ஒன்று, ஒரே நேர்க்கோட்டில். நான்தான் அளவு பார்த்து வைத்தேன். கீழே இருந்த பொட்டுக்குத் தோதாக அங்கே ஏற்கெனவே ஒரு குழி இருந்தது. வசதியாகப் போயிற்று என்று கட்டைவிரலால் அழுத்தி நிரப்பினேன். அதன்மேல் குங்குமம். நாற்பத்திரண்டு பேர் அந்தப் படத்துக்கு இதயம் போட்டிருந்தார்கள்.

எஞ்சின் ஒரு நிமிடம்கூடச் சூடாகவில்லை. ஒன்றும் வேகவில்லை. ஒரு துண்டுக் கம்பியால் பத்து விநாடியில் முடிந்திருக்க வேண்டிய காரியம்.

ஜெட்டி மெக்கானிக்கைப் பற்றி அந்த வாரம் முழுக்க எனக்கு ஒரே எண்ணம்தான். சந்தனம் அடைத்திருந்தது அவருக்குத் தெரிந்திருந்தால் அவர் திருடர். தெரியாவிட்டால் அவர் மெக்கானிக் இல்லை. இரண்டில் எது என்று முடிவுசெய்ய முடியாமல் இரண்டுக்குமாகச் சேர்த்து அவரைத் திட்டிக்கொண்டேன். ஆனால் அவர் எஞ்சினைத் தட்டத்தான் செய்தார். உடைத்தவள் நான். தட்டிப் பார்த்துத் தீர்ப்பு சொன்னவரை எள்ளி நகையாடிவிட்டு, தட்டிக்கூடப் பார்க்காமல் சாமான் வாங்கியவளும் நான்.

"மாமா..." என்றேன்.

"அடுத்த வருஷம் மூடி மேல வை" என்றார். அவ்வளவுதான். குழாயை மூடிவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டார். அடுத்த வருடம் வைப்பதற்கு எஞ்சின் இருக்க வேண்டுமே.

வெள்ளிக்கிழமை மறுபடியும் தவ்கே.

"பம்ப் சரியா போச்சா?"

"பம்ப்புக்கு ஒண்ணும் இல்ல. கால் வேணும்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பம்ப் வாங்குனவங்க இங்க யாருமே மூணு நாள்ல கால் கேட்டு வந்ததில்ல தங்கச்சி. எதால அடிச்ச?"

"சுத்தியல்."

"எத்தன அடி?"

"மூணு."

"ரெண்டோட நிறுத்திருக்கணும்" என்று சொல்லிவிட்டு, தன் உதவியாளரைக் கூப்பிட்டுச் சீனத்தில் என்னவோ சொன்னார். இருவரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

இந்த முறை ஏமாறக்கூடாது என்று வெறியோடு இறங்கினேன். மூன்று கால்கள் இருந்தன. கியர் எண்ணெயை ஒரு சொட்டு இறக்கிப் பார்த்தேன். பால் கலந்தது போல இருந்தால் உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறது. ஒன்று அதிலேயே கழிந்தது. விசிறித் தண்டைச் சுழற்றிவிட்டு வளைவு இருக்கிறதா என்று கண்ணை ஒட்டிப் பார்த்தேன், இரண்டாவது ஆடியது. மூன்றாவதில் எண்ணெய் தேன் மாதிரி, தண்டு அம்பு மாதிரி. கறுப்புப் பெயின்ட்டைத் திருப்புளியால் சுரண்டினேன். கீழே விரிசல் இல்லை. "என் பொண்ணுக்கு மாப்பிள்ளகூட நான் இப்படிப் பாக்கல" என்றார் தவ்கே. பழைய துணியில் சுற்றி, இடுப்பில் பிள்ளையைத் தூக்குவது போலக் காருக்குத் தூக்கிப் போனேன். வெற்றி என்றே நினைத்தேன்.

சனிக்கிழமை காலை ஜெட்டியில் அதைப் பழைய காலின் பக்கத்தில் நிறுத்திவைத்ததும் மாமா, "என்ன பாப்பா, இது ஒக்காந்திருக்கா?" என்றார்.

உட்காரவில்லை. நின்றுகொண்டுதான் இருந்தது. ஆனால் காலின் உச்சியிலிருந்து எஞ்சினுக்குள் ஏறும் நீளத் தண்டு நம்முடையதைவிட அரைச் சாணுக்கு மேல் குட்டையாக இருந்தது. எண்ணெய், வளைவு, விரிசல், பெயின்ட் எல்லாவற்றையும் பார்த்தவள் நீளத்தை அளக்கவில்லை. பல்லை எண்ணிப் பார்த்து மாடு வாங்கி, கால் எத்தனை என்று பார்க்காதவள் கதை.

மெக்கானிக் தன் படகிலிருந்தே பார்த்துவிட்டார். கூப்பிடாமல் வந்தார். "காக்கி பெண்டேக் லா!" என்றார், ஜெட்டி முழுக்கக் கேட்கும்படி. குட்டைக் கால். "படகுல ரெண்டு வகை, நெட்டக் கால், குட்டக் கால். காலேஜ்ல சொல்லித் தரலையா?"

"சொல்லித் தரல அங்கிள்."

"எக்செல்ல நீளம் போட ஒரு கட்டம் கூடவா இல்ல?"

சுற்றி நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். மாமாவும் சிரித்துவிட்டார், பிறகு என் முகத்தைப் பார்த்து இருமலாக மாற்றிக்கொண்டார்.

"லோரி சொல்லி வச்சுட்டேண்ணே" என்றார் மெக்கானிக் மாமாவிடம். "தீபாவளி மறுநாள், காலைல."

மாமா தலையாட்டுவார் என்று காத்திருந்தேன். ஆட்டவில்லை. "தீபாவளி இன்னும் வரல லா" என்றார். மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் அவர் வாயிலிருந்து ஒரு 'லா' அவ்வளவு கனமாக விழுந்து நான் கேட்டதில்லை. மெக்கானிக் தன் படகுக்குத் திரும்பிப் போனார்.

மாமா இரண்டு கால்களையும் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்: "இதோட ஒடம்பு நல்லாருக்கு, தண்டு குட்ட. அதோட ஒடம்பு ஒடஞ்சிருக்கு, தண்டு நீளம். மாத்திப் போட முடியாதா?"

முடியும் என்று வாய்வரை வந்தது. ஒரு வாரத்துக்கு முன்னால் என்றால் சொல்லியிருப்பேன். "பாத்துட்டுச் சொல்றேன் மாமா" என்றேன்.

பார்த்தேன். கிட்டார் காணொளிகளை விட்டுவிட்டு, பழைய பட்டறைக் கையேட்டின் மங்கலான பிரதி ஒன்றைத் தேடிப் பிடித்து, பிரிக்பீல்ட்ஸ் அறையில் உட்கார்ந்து முழுதாகப் படித்தேன். காலின் உடல் இரண்டுக்கும் ஒன்றுதான். நீளத் தண்டை அடியில், கியருக்குள், ஒரு நட்டு பிடித்திருக்கிறது. விசிறித் தண்டைக் கழற்றினால்தான் அது கைக்கு எட்டும். பல் சக்கரங்களுக்கு இடையில் தாள் போல மெல்லிய தகட்டு வளையங்கள் இருக்கும். எது எந்த இடத்தில், எத்தனை என்பது மாறினால் புதுக் காலும் ஒரே மாதத்தில் அரைபட்டுப் போகும். கியர் மாற்றும் கம்பியும் நீளம் மாறும்; அதையும் பழையதிலிருந்து உருவ வேண்டும். உடைந்த ஐந்தாவது போல்ட்டின் மிச்சம் இன்னும் எஞ்சின் பக்கத்தில் புதைந்து கிடக்கிறது. அதைத் துளைத்தெடுப்பது தனிக் கதை.

தீபாவளிக்கு இன்னும் நான்கு நாள். அலுவலகத்தில் விடுப்பு சொல்லிவிட்டேன். பிளாஸ்டிக் மூடிகளின் தரம் நான்கு நாள் தாங்கும். ஐந்தாவது போல்ட்டின் மேல் மாமா புதன்கிழமையிலிருந்தே தினமும் எண்ணெய் ஊற்றிவருகிறார். தவ்கேயிடம் கேட்டதில் தண்டைப் பிடித்திருக்கும் நட்டைக் கழற்றும் சாவியை இரவலாகத் தருவதாகச் சொல்லியிருக்கிறார், "சுத்தியல் கொண்டாரக் கூடாது" என்ற நிபந்தனையோடு.

நாளைக் காலை முதலில் செத்த காலைத்தான் திறக்கப்போகிறேன். அது இனி கெட்டுப்போக வழியில்லை. பழக அதைவிட நல்ல இடம் கிடையாது. ஒவ்வொரு வளையத்தையும் எடுத்த வரிசையில் அத்தையின் முறுக்குத் தட்டில் பரப்பி, அளந்து, எழுதிவைப்பேன். தண்டு வராவிட்டால் எண்ணெய் ஊற்றிவிட்டு அடுத்த நாள்வரை காத்திருப்பேன். சுத்தியலை மாமாவிடம் கொடுத்தாகிவிட்டது.